பதியப்பட்ட கட்சி யாருடையது? கட்சிப் பதிவுச் சட்டமும் தீவக வாக்காளரும்

2024 நவம்பர் 13ஆம் திகதி இரவு. விடிந்தால் பாராளுமன்றத் தேர்தல். இறுப்பிட்டியில் பெரியம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து, ஒரு தாளில் சின்னங்களைக் கீறி அவருக்கு வாக்குச்சீட்டை விளங்கப்படுத்திக் கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண் மங்கல், ஆனால் தேர்தலைத் தவறவிட்டவர் அல்ல. சங்கின் படத்தைக் கண்டதும் விரலை வைத்தார்.

"இதுக்குத்தானே பிள்ளை போன தடவையும் போட்டனான்?"

"அது வேறை சங்கு பெரியம்மா. இது வேறை."

"சங்கிலையும் ரண்டு சங்கோ? அப்ப இது ஆற்றை?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சில வருடங்களாகத் தேர்தல்களைப் பற்றி எழுதி வருகிறேன், ஊடகக் கற்கையில் பட்டமும் வைத்திருக்கிறேன். இருந்தும் திக்கித் திணறித்தான் போனேன். "சூரியனுக்குப் போட்டம், பிறகு வீட்டுக்குப் போட்டம், பிறகு சங்கெண்டியள், இப்ப திரும்பவும் வீடெண்டுறியள்" என்று பெரியம்மா சொன்னதில் கால் நூற்றாண்டுத் தமிழ் அரசியல் அடங்கியிருந்தது. அன்று அவருக்குச் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொள்கை, விடுதலை, துரோகம் என்ற சொற்களோடு எங்கள் கட்சிப் பிளவுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கட்சி எப்படிப் பதியப்படுகிறது, பதியப்பட்ட பிறகு அது சட்டப்படி யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. வாக்குச்சீட்டில் எது வரும், எது வராது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவின் கீழ்தான் இலங்கையில் அரசியல் கட்சிகள் அங்கீகரிக்கப்படுகின்றன. விண்ணப்பிக்கும் கட்சி தன்னுடைய யாப்பு, பதவிநிலையாளர் பட்டியல், கணக்கறிக்கை ஆகியவற்றைத் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் தொடர்ந்து அரசியலில் ஈடுபட்டிருப்பதையும் காட்ட வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் பெயரும் சின்னமும் அந்தக் கட்சிக்கு உரியவை. வேட்புமனுவுக்குக் கட்டுப்பணம் தேவையில்லை. அங்கீகாரம் இல்லாதவர்கள் சுயேச்சைக் குழுவாகத்தான் இறங்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் வேட்பாளர் ஒருவருக்கு 2,000 ரூபாய் கட்ட வேண்டும், சின்னம் அந்தத் தேர்தலுக்கு மட்டும்தான். யாழ். தேர்தல் மாவட்டத்தில் இப்போது 6 ஆசனங்கள், பட்டியலில் 9 பெயர்கள், ஆகவே 18,000 ரூபாய்.

பணம் பெரிய விடயமில்லை. கையெழுத்துத்தான் விடயம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்புமனுவில் கட்சியின் செயலாளரோ அவர் அதிகாரமளித்த முகவரோ ஒப்பமிட வேண்டும். செயலாளர் யார் என்பதற்கு ஆணைக்குழுவில் இருக்கும் பதிவே சாட்சி. அந்த வேட்பாளர்களைக் கட்சி எப்படித் தெரிவு செய்தது, உறுப்பினர்களைக் கேட்டதா, ஆதரவாளர்களைக் கேட்டதா என்று சட்டம் கேட்பதில்லை. கட்சி பதியப்படுகிறது. கட்சிக்கு வாக்களிக்கும் நானும் பெரியம்மாவும் எங்கேயும் பதியப்படுவதில்லை.

இது காகித விவகாரமாகத் தெரியலாம். 2004இல் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

2001 ஒக்ரோபரில் தமிழர் விடுதலைக் கூட்டணி, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ், ரெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப். ஆகியவை சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை அமைத்தன. கூட்டமைப்புக்கென்று தனியான பதிவு இருக்கவில்லை. கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் அந்த டிசம்பரில் போட்டியிட்டு 15 ஆசனங்களை வென்றார்கள். 1977இல் தமிழீழத்துக்கான ஆணை கேட்டு வென்ற அதே சூரியன். சனத்துக்கு அதைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

பிறகு கூட்டணியின் தலைவர் வீ. ஆனந்தசங்கரிக்கும் மற்றவர்களுக்கும் முரண்பாடு வந்தது. விடுதலைப் புலிகளை ஏகப் பிரதிநிதிகளாக ஏற்பதா என்பதுதான் அதன் மையம். கட்சி யாருக்கு என்ற வழக்கு நீதிமன்றம் போனது. 2004 ஏப்ரல் 2ஆம் திகதித் தேர்தல் நெருங்கியபோது சூரியனைப் பயன்படுத்தக் கூட்டமைப்பால் முடியவில்லை. பெரும்பான்மை உறுப்பினர்களும் மக்கள் ஆதரவும் அவர்களிடம் இருந்தன, ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிற கையெழுத்து இருக்கவில்லை. அப்போதுதான் 1949 டிசம்பரில் தந்தை செல்வா தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி மறுபடி களத்துக்கு வந்தது. 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உருவான பிறகு ஏறத்தாழ உறங்கிக் கிடந்த கட்சி அது. அதன் வீட்டுச் சின்னத்தைச் சில வாரங்களுக்குள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கூட்டமைப்பு 22 ஆசனங்களை எடுத்தது, யாழ். மாவட்டத்தின் 9இல் 8 அவர்களுக்கு. சுயேச்சையாக நின்ற ஆனந்தசங்கரி தோற்றார்.

சின்னத்தைப் பறிகொடுத்தாலும் சனம் எங்களோடு என்று அன்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு விடயம் மறைந்துபோனது. கூட்டமைப்பு ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குத்தான் மாறியிருந்தது.

கூட்டமைப்பை ஒரு கட்சியாகப் பதியுங்கள் என்று பங்காளிக் கட்சிகள் பல தடவை கேட்டன. தமிழரசுக் கட்சி அதற்கு உடன்படவில்லை. அதன் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சனம் வாக்களிப்பது வீட்டுக்கு, வீடு எங்களுடையது, அதை ஏன் மற்றவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது கட்சி நடத்துகிறவர்களுக்கு இயல்பான கேள்விதான். ஆனால் 2004, 2010, 2015, 2020 தேர்தல்களில் வீட்டுக்குப் புள்ளடி போட்டவர்களில் எத்தனை பேர் தமிழரசுக் கட்சிக்கு என்று நினைத்துப் போட்டார்கள்? பெரியம்மா கூட்டமைப்புக்குத்தான் போட்டார். சட்டப்படி கூட்டமைப்பு என்று ஒன்று வாக்குச்சீட்டில் இருந்ததேயில்லை.

2020இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தேர்தலில் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தை அம்பாறையின் தவராசா கலையரசனுக்கு வழங்குவதாகத் தமிழரசுக் கட்சியின் அப்போதைய பொதுச்செயலாளர் கி. துரைராசசிங்கம் ஆணைக்குழுவுக்கு அறிவித்தார். எங்களைக் கேட்கவில்லை என்றார்கள் பங்காளிகள். கட்சிக்குள்ளேயும் சர்ச்சை எழுந்தது. அம்பாறைத் தமிழருக்கு ஒரு பிரதிநிதி தேவைப்பட்டது உண்மை, அந்தத் தெரிவைப் பலர் வரவேற்றார்கள். நான் இங்கே பார்ப்பது தெரிவை அல்ல, வழியை. பதிவில் இருக்கும் செயலாளரின் கடிதம் போதும், வேறு எவருடைய சம்மதமும் தேவையில்லை.

2023 ஜனவரியில், உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தமிழரசுக் கட்சி தனித்துப் போவதாக முடிவெடுத்ததும் ரெலோவும் புளொட்டும் வேறு கட்சிகளோடு சேர்ந்து ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியாகின. சின்னம் குத்துவிளக்கு. அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை என்பது வேறு கதை.

எங்கள் அரசியலில் வெளிநாடுகளின் உட்கட்சித் தேர்தலுக்குக் கிட்ட வந்த நிகழ்வு ஒன்றுதான். 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தது. எழுபத்து நான்கு வருடக் கட்சி வரலாற்றில் முதல் தடவை. சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்குகள், எம்.ஏ. சுமந்திரனுக்கு 137 வாக்குகள். மொத்தம் 321 பேர். ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் கதைத்தது. குறிகட்டுவான் பஸ்ஸில் கூட இரண்டு பேர் அதற்காகச் சண்டை பிடித்ததைக் கண்டிருக்கிறேன், இருவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. வாக்களித்தவர்கள் கட்சியின் பொதுச்சபை உறுப்பினர்கள். யாழ். தேர்தல் மாவட்டத்தில் மட்டும் அந்த வருடம் பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள் 593,187 பேர்.

அடுத்த மாதமே விவகாரம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது, கட்சியின் தேசிய மாநாடு தடைப்பட்டது. தெரிவான தலைவர் பதவியேற்கவில்லை. மாவை சேனாதிராசா 2025 ஜனவரியில் காலமானார். கட்சி இப்போது பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம், பதில் பொதுச்செயலாளர் சுமந்திரன் ஆகியோரோடு இயங்குகிறது. 2024 நவம்பரில் வீட்டுச் சின்னப் பட்டியலில் யார் இருப்பது, யார் விடுபடுவது என்ற முடிவு இந்த நிலையில்தான் எடுக்கப்பட்டது.

மற்ற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று எங்கள் ஊர்ச் சனத்துக்கே தெரியும், ஏனென்றால் புங்குடுதீவில் பாதி கனடாவில் இருக்கிறது என்று பகிடியாகச் சொல்வார்கள். ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாளுக்குக் கனடியக் குடியுரிமை கிடைக்கும் முன்னரே ஒரு கட்சியின் உறுப்பினர் படிவம் வீடு தேடி வந்தது. பொதுத் தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை, ஆனால் அந்தத் தொகுதியில் கட்சியின் வேட்பாளராக யார் நிற்பது என்ற வாக்கெடுப்பில் வாக்கு இருந்தது. லிபரல் கட்சியில் 14 வயதானவரே பதியலாம். 2025 மார்ச்சில் மார்க் கார்னியைத் தலைவராக்கிய வாக்கெடுப்புக்கு முன்னர், குடியுரிமையும் நிரந்தர வதிவிடமும் பற்றிய விதியை அந்தக் கட்சி இறுக்கியது. வெளிநாட்டுத் தலையீடு பற்றிய பயம்தான் காரணம். ஒரு கோவிலடியில் மூன்று பஸ் பிடித்து ஆட்களை ஏற்றினால் வேட்பாளர் நியமனத்தை வெல்லலாம் என்று மச்சாள் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. இதில் இன்னொரு வேடிக்கை. உதயசூரியனுக்காக இங்கே நீதிமன்றம் ஏறியவரின் மகன் கரி ஆனந்தசங்கரி, அங்கே 2015இலிருந்து லிபரல் பாராளுமன்ற உறுப்பினர்.

அமெரிக்காவில் இது இன்னும் இறுக்கம். நியூயோர்க் மாநிலத்தில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தக் கட்சியின் வேட்பாளர் தெரிவில் மட்டும்தான் வாக்களிக்கலாம். கட்சி மாறுவதற்குக் கடைசி நாள் தேர்தலுக்குப் பல மாதங்கள் முந்தியது. 2016 ஏப்ரலில் டொனால்ட் ட்ரம்ப் அங்கே போட்டியிட்டபோது அவருடைய பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் தகப்பனுக்கு வாக்களிக்க முடியாமல் போனது, நேரத்துக்குக் கட்சியைப் பதியவில்லை. 2025 ஜூனில் நியூயோர்க் நகர மேயர் வேட்பாளராக சோஹ்ரான் மம்தானி தெரிவானபோதும், எந்தக் கட்சியிலும் பதியாத பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் தன்னை ஒரு கட்சிக்காரனென்று அரசாங்கப் படிவத்தில் எழுதிக் கொடுக்கும் முறை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலையாட்டிகளுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்ட சனத்திடம், நீ எந்தப் பக்கம் என்று எழுதித் தா என்று கேட்கும் சட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எந்தப் பட்டியலிலும் எங்கள் பெயர் இல்லாதிருப்பது சில காலங்களில் எங்களுக்கு உயிர்ப் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் அதன் மறுபக்கம், கட்சிக்குள் யார் என்ற தெரிவு எங்களை எட்டுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது.

இனிப் பெரியம்மாவின் சங்குக்கு வருகிறேன்.

2024 செப்ரெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக பா. அரியநேத்திரன் நின்றார். அவர் தமிழரசுக் கட்சிக்காரர், ஆனால் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் என்பதால் சுயேச்சையாக நிற்கச் சட்டம் அவருக்கு இடங்கொடுத்தது. அந்தத் தேர்தலுக்கு மட்டும் கிடைத்த சின்னம் சங்கு. யாழ். மாவட்டத்தில் 116,688 பேர் அதற்கு வாக்களித்தார்கள். தேர்தல் முடிந்ததும் சங்கு யாருக்கும் சொந்தமில்லாத சின்னமானது. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்ற முறையில் தன் குத்துவிளக்கை விட்டுச் சங்கைக் கேட்டது, ஆணைக்குழுவும் கொடுத்தது. பொது வேட்பாளரை முன்னிறுத்திய சிவில் சமூகத் தரப்பு, இது ஒரு கட்சிக்கான வாக்கல்ல என்று எதிர்த்தது. சட்டத்தில் தடையிருக்கவில்லை. எட்டு வாரங்களுக்குள் அதே மாவட்டத்தில் சங்குக்கு விழுந்தது 22,513 வாக்குகள்.

சின்னம் கைமாறலாம், வாக்கு கூடவே போகாது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த 22,513 வாக்குகளுக்கு என்ன நடந்தது என்பதை ஆறுதலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பிரதிநிதிகள் யார் என்பது அதில்தான் முடிவானது.

செல்லுபடியான வாக்குகள் 325,312. தேசிய மக்கள் சக்தி 80,830. தமிழரசு 63,327. தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள் 27,986. இராமநாதன் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு 17, ஊசிச் சின்னம், 27,855. சங்கு 22,513. ஈ.பி.டி.பி.யின் வீணை 17,730. மற்ற எல்லாப் பட்டியல்களும் 5 வீதத்துக்குக் கீழே, அவை கணக்கிலிருந்து வெளியே. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 5 ஆசனங்கள். 5 வீதத்தைத் தாண்டிய ஆறு பட்டியல்களின் வாக்குகளைக் கூட்டி ஐந்தால் பிரித்தால் ஏறத்தாழ 48,000 வருகிறது. அதைத் தாண்டியவை இரண்டே இரண்டு: தேசிய மக்கள் சக்தியும் வீடும். ஆளுக்கு ஒன்று. எஞ்சிய மூன்று ஆசனங்கள் மிகுதி வாக்கு அதிகமுள்ளவர்களுக்கு. தேசிய மக்கள் சக்தியின் மிகுதி ஏறத்தாழ 32,800, அடுத்தது சைக்கிள், அடுத்தது ஊசி. சங்கு நான்காவதாக நின்று வெளியே போனது. வீட்டின் மிகுதி 15,000 சொச்சம், அதுவும் வெளியே. முடிவு: தேசிய மக்கள் சக்தி 3, வீடு 1, சைக்கிள் 1, ஊசி 1.

வீட்டின் வாக்கையும் சங்கின் வாக்கையும் கூட்டிப் பாருங்கள். 85,840. முதலிடம். போனஸ் ஆசனம் இந்தப் பக்கம் வருகிறது. மிகுதிக் கணக்கில் இன்னொன்றும் வருகிறது. அதே வாக்குகளோடு கூட்டமைப்பு 3, தேசிய மக்கள் சக்தி 2, சைக்கிள் 1, ஊசிக்கு ஒன்றுமில்லை.

அரசியலில் ஒன்றும் ஒன்றும் எப்போதும் இரண்டாவதில்லை என்பது எனக்கும் தெரியும். சேர்ந்து நின்றிருந்தால் வெறுத்துப்போய் ஊசிக்கும் திசைகாட்டிக்கும் போட்டவர்கள் இன்னும் கூடியிருக்கலாம். முதற்தடவையாகத் தென்னிலங்கைக் கட்சியொன்று யாழ். மாவட்டத்தில் முதலிடம் பிடித்ததைச் சிலர் மாற்றம் என்று வரவேற்றார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வீட்டுக்கும் சங்குக்கும் போட்டவர்களில் பலர், ஒன்றாக நிற்கிறீர்களா தனியாக நிற்கிறீர்களா என்று தங்களிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அதைக் கேட்பதற்கு எங்கள் சட்டத்தில் ஒரு இடமும் இல்லை. இரண்டு பதிவுகள், இரண்டு செயலாளர்கள், இரண்டு ஒப்பங்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் இதைக் கண்டிருக்கிறோம். எம்.ஜி.ஆர். இறந்த பிறகு இரட்டை இலையை இந்தியத் தேர்தல் ஆணையம் முடக்கியது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்று, தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அங்கே அதற்குப் பிறகு இரண்டு அணிகளும் சேர்ந்து இலையை மீட்டன. இங்கே சூரியன் இன்றும் தனியாகத்தான் நிற்கிறது.

எங்களுக்கென்று ஒரு உட்கட்சித் தேர்தல் இருக்கிறதென்றால் அது வாக்குச்சீட்டின் அடியில் இருக்கிறது. விருப்பு வாக்கு. 1988இன் 14ஆவது திருத்தத்தோடு வந்தது, 1989இல் முதன்முதல் பயன்பட்டது. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடலாம். பட்டியலில் யார் யார் என்பதைக் கட்சி முடிவெடுத்துவிட்டது, ஆனால் அவர்களுக்குள் யார் போவது என்பது எங்கள் கையில். 321 பேர் திருகோணமலையில் சொன்னதை நவம்பரில் யாழ். மாவட்டம் திருப்பிச் சொன்னது: வீட்டுப் பட்டியலில் சிறீதரனுக்கு 32,833 விருப்பு வாக்குகள், சுமந்திரனுக்கு 15,039. ஒரு ஆசனந்தான், அது சிறீதரனுக்கு.

இந்த உரிமையைத்தான் நாங்கள் அதிகம் வீணாக்குகிறோம். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். இலக்கத்தைப் பாடமாக்கிக் கொண்டு போக வேண்டும். கட்சிக்குப் புள்ளடி போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் நிராகரிக்கப்படும். மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும். இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் எல்லாம் போய்விடும். 2024இல் யாழ். மாவட்டத்தில் 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு பாய் மாதிரி நீண்டது. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,767. சைக்கிளுக்கு விழுந்ததை விடவும், ஊசிக்கு விழுந்ததை விடவும் கூட. ஒரு ஆசனத்தின் அளவுக்கு வாக்குகள் குப்பைக்குப் போயின. இரண்டு சங்குகளால் குழம்பியவர் பெரியம்மா ஒருவர் மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

தீவகத்துக்கு இதில் இன்னொரு கசப்பான பக்கம் உண்டு. 1991இல் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியபோது எனக்கு ஒரு வயது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய கதை மட்டும்தான் எனக்குத் தெரியும். 1994 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில், தீவுகள் இராணுவத்தின் கட்டுப்பாட்டில். ஈ.பி.டி.பி. சுயேச்சைக் குழுவாக நின்று 10,744 வாக்குகளோடு யாழ். மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9ஐப் பெற்றது. வாக்களிக்கக் கூடியதாக இருந்தது பெரும்பாலும் எங்கள் தீவுகளில்தான். எங்கள் வீட்டார் ஒருவர்கூட அந்தத் தேர்தலில் இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது, ஆள் இல்லை.

பிறகு ஆளும் குறைந்தது, பெயரும் குறைந்தது. அந்தப் 10 ஆசனங்கள் 9 ஆகி, 2015இல் 7 ஆகி, 2024இல் 6 ஆகியிருக்கின்றன. ஆசனங்கள் வாக்காளர் பதிவேட்டைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன. இறுப்பிட்டியில் கதவு சாத்திய வீடுகள் எத்தனை என்று எண்ணினால் அதன் காரணம் விளங்கும். ஊர்காவற்றுறைத் தொகுதி சிறியது, தனித்தனியே தீவுகளாகச் சிதறியது. தீவான் ஒருவர் விருப்பு வாக்கில் மேலே வர வேண்டுமென்றால் குடாநாட்டில் வாக்கு எடுத்தாக வேண்டும். ஆகவே கட்சிகள் பட்டியலில் தீவகத்துக்கு ஒரு பெயரைப் போடுவதே பெரிய உபகாரம் என்றாகிவிட்டது.

உள்ளூராட்சித் தேர்தலில் அந்த மூன்று விருப்பு வாக்குகளும் இல்லை. 2018இலிருந்து 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறை. கட்சிக்கு ஒரே ஒரு புள்ளடி, வட்டார வேட்பாளர் யார் என்பதும் விகிதாசாரப் பட்டியலில் யார் உள்ளே போவது என்பதும் கட்சியின் முடிவு. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்கு முன்னர் வடக்கிலும் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இளம் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை யார் உறுதிப்படுத்தினார் என்பது போன்ற காரணங்கள். சில நீதிமன்றத்தில் மீண்டன, சில மீளவில்லை. வேலணைப் பிரதேச சபைக்குள் வரும் எங்கள் தீவில் குடிதண்ணீர் பவுசர் வருவதும் வராததும் அந்தச் சபையோடு சம்பந்தப்பட்ட விடயம். அந்த வேட்பாளரைத்தான் நாங்கள் மிகக் குறைவாகத் தெரிவு செய்கிறோம்.

அதனால் அடுத்த தேர்தலுக்கு முன்னர் எங்கே கை வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. வேட்புமனு தாக்கலாகும் நாள்தான் உண்மையான முதல் தேர்தலின் கடைசி நாள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டமும் அறிக்கையும் பட்டியலை மாற்றாது. உங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சியின் கிளை இருந்தால் அதன் உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள், பொதுச்சபைக்கு யாரை அனுப்பினார்கள் என்று கேளுங்கள். கட்சி ஆணைக்குழுவிடம் கொடுத்த யாப்பில் வேட்பாளர் தெரிவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கட்சியிடமே கேட்கலாம். ஆணைக்குழுவிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். எழுதித் தருவதற்கு ஆள் இல்லையென்றால் ஊர்ச் சங்கங்கள் எழுதலாம். கோவில் கும்பாபிஷேகத்துக்குக் கணக்குக் கேட்கிற சனத்துக்கு இது பெரிய வேலை அல்ல. வெளிநாட்டிலிருந்து கட்சிகளுக்குக் காசு அனுப்புகிறவர்களும் ரசீதோடு சேர்த்து இந்தக் கேள்வியைக் கேட்கலாம், அங்கே படிவம் நிரப்பி வேட்பாளரைத் தெரிவு செய்து பழகியவர்கள்தானே.

வாக்காளர் பதிவேட்டையும் மறக்க வேண்டாம். கிராம அலுவலர் படிவம் கொண்டு வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் தேடிப்போய்க் கொடுங்கள். பிள்ளை யாழ்ப்பாண நகரில் வாடகைக்கு இருந்தால் எங்கே பதிவது என்பதைக் குடும்பமாக முடிவெடுங்கள், இரண்டு இடத்திலும் விடுபட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அன்று இரவு பெரியம்மா கடைசியில் தாளை என் கையிலிருந்து வாங்கி, ஒரு சின்னத்தையும் இரண்டு இலக்கங்களையும் பென்சிலால் வட்டம் போட்டார். எது என்று நான் பார்க்கவில்லை. மூன்றாவது இலக்கம் ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"மூண்டாவது ஆளை எனக்குத் தெரியாதடி" என்றார்.